கீழ்த்தளத்தில் மெறின் சொன்ன பதில்கள்

“பத்தொன்பது,” என்றாள் மெறின்.

நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்தின் கீழ்த்தளத்தில் தனியாக நின்றுகொண்டிருந்த தங்கையின் குரல், அவள் காலரில் குத்தியிருந்த மைக் வழியாக, மேல் தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ட்ரீஸாவின் ஹெட்போனுக்குள் சுத்தமாக வந்து விழுந்தது. யாரோ வயதைக் கேட்டு, அவள் பதில் சொன்ன மாதிரி இருந்தது. கேட்ட குரல் மட்டும் வரவில்லை. கீழே மெறினைத் தவிர ஆளும் இல்லை. படம் எடுக்க வந்தவர்களே மொத்தம் மூன்று பேர்தான். மூன்றாவது ஆளான ஜோபிஷ் ட்ரீஸாவுக்கு இரண்டடி முன்னால், கேமராவில் கண்ணை வைத்து, கீழிருந்து ஏறி வரும் சரிவுப் பாதையைப் பார்த்துக் குனிந்து நின்றான்.

ட்ரீஸா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். எங்கோ குழாய் ஒழுகிச் சொட்டும் சத்தம், ஆயுசு முடிந்துகொண்டிருந்த ட்யூப்லைட்டின் ரீங்காரம், மெறினின் சட்டைத்துணி மைக்கில் உரசும் கரகரப்பு, அவள் எச்சில் விழுங்குவது, கால் மாற்றி நிற்கும்போது செருப்புக்கடியில் தண்ணீர் நசுங்குவது என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டன. பிறகு ஒரு சின்னச் சிரிப்பு.

“டிட்டி. வீட்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க.”

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

“அம்மா பேரு லில்லிக்குட்டி. இல்ல, அம்மாவுக்குத் தெரியாது. சொன்னா விடுவாங்களா?”

மறுபடி இடைவெளி.

“இடது முட்டியில. சைக்கிள்ல இருந்து விழுந்தேன்ல.”

ஜோபிஷின் கதையில் மெறினுக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. ஓடி வர வேண்டும், திரும்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், அவ்வளவுதான். ட்ரீஸா கை நீட்டி அவன் முதுகைத் தொட்டாள். அவன் திரும்பாமலே விரலைத் தூக்கிக் காட்டினான், ஓடிக்கொண்டிருக்கிறது என்று. ‘கட்’ என்று அவன் வாயால் சொல்லும்வரை யாரும் எதற்காகவும் ஷாட்டை நிறுத்தக் கூடாது. கால் உடைந்தாலும் உடைந்த காலோடு நடிக்க வேண்டும். முதல் நாளே போட்ட சட்டம் அது. ட்ரீஸாவும் சரி என்று தலையாட்டியவள்தான்.

இந்த இடமும் இந்த நாளும் ஜோபிஷ் கண்டுபிடித்ததுதான். நகரத்தில் நடக்கும் திகில் குறும்படத்துக்குப் போட்டி வைத்திருந்தார்கள். அந்த வகைப் படத்துக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தூணில் ஒட்டியிருந்தான். ஒற்றைப் பெண். மழை. சிக்னல் இல்லாத போன். மினுக்கும் விளக்கு. வராத லிஃப்ட். முகம் காட்டாத ஆள். திறக்காத கதவு. கிராமத்துப் பயம் என்றால் ஆளே இல்லாத இடம், டவுன் பயம் என்றால் சுற்றிலும் ஆள் இருந்தும் எவனும் எட்டிப் பார்க்காத இடம் என்று வழி நெடுகச் சொற்பொழிவு வேறு. கொச்சியில் அப்படி ஒரு காலி ஊரை எங்கே போய்ப் பிடிப்பது என்று ட்ரீஸா கேட்டதற்கு, ஹர்த்தால் எதற்கு இருக்கிறது என்றான். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை கடை கிடையாது, பஸ் கிடையாது, வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு சைக்கிள்கூட இருக்காது. நிலத்தடியில் பகலுக்கும் இராத்திரிக்கும் என்ன வித்தியாசம்? ஜன்னலா இருக்கிறது?

ஆறு அடிப்பதற்கு முன்பே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். மேல் தளத்து வாசல் ஷட்டரைத் திறந்து வைத்தால் ஹர்த்தால்காரர்கள் கல்லெறிவார்கள். அதனால் வெளியிலிருந்து பூட்டிவிடும்படி வாட்ச்மேன் பார்கவனிடம் ஜோபிஷே கேட்டுக்கொண்டான். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். உள்ளே ஒரு பெண் கத்துவாள், ஷட்டரை உடைக்கிற மாதிரி தட்டுவாள், உங்கள் பெயரைச் சொல்லிக்கூடக் கூப்பிடுவாள், காட்சியே அதுதான், மாலை ஆறு மணிக்கு முன்னால் திறந்துவிடாதீர்கள். பக்கத்துக் குடியிருப்புக்கும் போய் இதையே சொல்லிவிட்டு, ஷட்டரில் ஒரு காகிதமும் ஒட்டினான். தன் ஏற்பாட்டில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

ட்ரீஸாவுக்கு இருந்தது ஒரே கவலை. தோழி வீட்டுக்கு என்று அம்மாவிடம் புளுகிவிட்டு மெறினைக் கூட்டி வந்தவள் அவள். உன்னை நம்பித்தான் சின்னவளை அனுப்புகிறேன் என்று அம்மா படியில் நின்று சொல்லியிருந்தாள். இருட்டுவதற்குள் இவளைப் பத்திரமாக வீட்டில் கொண்டு சேர்க்க வேண்டும். படமெல்லாம் அதற்கப்புறம்.

“ஆக்‌ஷன்,” என்று ஜோபிஷ் கத்தினான்.

சரிவுப் பாதையில் மெறின் ஓடி வந்தாள். தலைமுடி கலைந்து, ஒரு கையால் சுவரைத் தடவி, பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்து, மறுபடி ஓடினாள். நன்றாகவே செய்தாள். ‘கட்’ விழுந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து ட்ரீஸாவின் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கினாள்.

கீழே யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று ட்ரீஸா கேட்டாள்.

“உன்கூடதான்,” என்றாள் மெறின், வாயைத் துடைத்துக்கொண்டு. “மூணாவது தூணுக்குப் பின்னாடி நின்னுகிட்டு, கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்க வந்தவ மாதிரி கேள்வியா கேட்டுத் தள்ளினியே. குரலை எதுக்கு அப்படித் தாழ்த்திக்கிட்ட?”

தான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்றாள் ட்ரீஸா. மெறின் ஜோபிஷைப் பார்த்தாள். ஜோபிஷ் ட்ரீஸாவைப் பார்த்தான். இருவருக்கும் சிரிப்பு வந்தது. நடிக்கிற ஆளிடம் சொல்லாமல் எதையாவது செய்து, நிஜமாகவே பயந்த முகத்தை எடுப்பது ஜோபிஷின் பழக்கம். போன படத்தில் ஒரு பையனைக் குளியலறையில் வைத்துப் பூட்டிவிட்டான். இதுவும் அந்த வேலைதான் என்று மெறின் நினைத்தாள். அக்காளும் தங்கையும் சேர்ந்து தன்னை ஏய்க்கிறார்கள் என்று ஜோபிஷ் நினைத்தான். ட்ரீஸா எவ்வளவு மறுத்தாளோ அவ்வளவுக்கு அவர்கள் நம்பவில்லை.

ஒலிப்பதிவு மெஷினில் பின்னோக்கி ஓட்டி அவள் மட்டும் மறுபடி கேட்டாள். பத்தொன்பது. இடைவெளி. டிட்டி. இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியும் ஒரு கேள்வி கேட்டு முடிக்கிற அளவுக்குச் சரியாக இருந்தது. மூன்றாம் முறை கேட்கும்போதுதான் இன்னொன்று பிடிபட்டது. மெறின் பேசும்போதெல்லாம் பின்னணியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. இடைவெளிகளில் அது சொட்டவில்லை. ட்யூப்லைட்டின் ரீங்காரமும் இல்லை. மெஷின் பழுதானாலும் இரைச்சல் இருக்கும். இங்கே அதுவும் இல்லை.

ட்ரீஸா மெஷினை நிறுத்தினாள். மூட்டை கட்டலாம், எடுத்தது போதும் என்றாள். ஜோபிஷுக்குக் கோபம் வந்தது. கீழ்த்தளத்தில் கிட்டப்போய் எடுக்கும் ஷாட் ஒன்று இருக்கிறது, அது இல்லாவிட்டால் படமே இல்லை, அடுத்த ஹர்த்தால் வரும்வரை உட்கார்ந்து ஜபமாலை உருட்டச் சொல்கிறாயா என்றான். மெறினும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டாள். நீ எப்பவுமே இப்படித்தான், நான் ஒன்று செய்தால் உனக்குப் பொறுக்காது என்று அவள் சொன்னது ட்ரீஸாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தக் கோபத்தில்தான் போய்த் தொலை என்று விட்டாள். பிற்பாடு அந்தச் சொல்லை நினைத்து நினைத்து அவள் நாக்கு கூசியது.

இந்தத் தடவை ஜோபிஷும் கேமராவோடு இறங்கினான். கீழே இடம் குறுகல், உன் நிழல் விழும், மேலேயே இருந்து கேட்டுக்கொள் என்று ட்ரீஸாவிடம் சொல்லிவிட்டுப் போனான். அவர்களுடைய செருப்புச் சத்தம் சரிவில் தேய்ந்து, ஹெட்போனில் வளர்ந்தது. முக்காலியை விரிக்கும் சத்தம், தண்ணீரில் கால் வைத்ததற்கு ஜோபிஷ் வைதது, மெறின் தும்மியது எல்லாம் கேட்டது. நல்ல சத்தங்கள். ட்ரீஸா தோள்பையிலிருந்த மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். ஷட்டருக்கு அந்தப் பக்கம் மழை பிடித்திருந்தது. தூரத்தில் ஊர்வலம் ஒன்று கோஷம் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தது. போனில் மணி இரண்டேகால். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

கீழே ‘ஆக்‌ஷன்’ என்றான் ஜோபிஷ்.

கரண்ட் போயிற்று.

கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே இருட்டு. ஷட்டரின் அடியில் மட்டும் விரல் கனத்துக்கு ஒரு சாம்பல் கோடு கிடந்தது. ஹெட்போனில் ஜோபிஷின் குரல் வந்தது. பரவாயில்லை, கேமராவில் சின்ன விளக்கு இருக்கிறது, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, யாரும் நகராதீர்கள், ஓடிக்கொண்டிருக்கிறது. ட்ரீஸா எழுந்து நின்றாள். மெறினின் மூச்சு சீராகத்தான் இருந்தது.

பிறகு தண்ணீர் சொட்டுவது நின்றது.

“நீ எதுக்கு இறங்கி வந்த?” என்றாள் மெறின்.

மெல்லிய குரல். ஷாட்டைக் கெடுக்காமல், உதட்டை அசைக்காமல் பேசுகிற குரல்.

“ஜோபிஷ் சேட்டன் திட்டப் போறார் சேச்சி. சரி, கையைக் குடு. அய்ய, ஏன் இவ்ளோ ஈரம்?”

ட்ரீஸாவின் தொண்டையிலிருந்து வந்த கத்தல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. மெறின், நான் மேலே இருக்கேன், மேலே இருக்கேன் என்று சரிவுப் பாதையின் வாயில் நின்று கத்தினாள். அந்தக் கத்தல் சுவரில் மோதிக் கீழே இறங்கி, மெறினின் காலர் மைக்குக்குள் நுழைந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலச் சிறுத்துப்போய் அவள் ஹெட்போனுக்கே திரும்பி வந்தது. அதற்குப் பின்னால் மெறினின் குரல் வந்தது.

“சேச்சி, மேல யாரோ உன் குரல்ல கத்துறாங்க.”

இடைவெளி.

“ம்ம்.”

இடைவெளி.

“சரி. நான் மேல பார்க்க மாட்டேன்.”

அந்த நேரத்தில் கீழே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கால்கள் அவளை ஷட்டருக்குத்தான் கொண்டுபோயின. வெட்கங்கெட்ட கால்கள். இரண்டு கையாலும் தகரத்தை அடித்தாள். பார்கவன் சேட்டா, பார்கவன் சேட்டா. ஊர்வலம் வெளியே வெகு பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. ஷட்டரின் மறுபக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

“மெல்லத் தட்டு மோளே, ஆளுங்க தெருமுனையிலயே நிக்கிறாங்க,” என்றார் பார்கவன்.

திறங்கள், தங்கைக்கு ஆபத்து, திறங்கள் என்றாள்.

“கேட்கவே நெஞ்சு பதறுது. அச்சு அசல்.”

“இது நடிப்பில்ல சேட்டா. சத்தியமா நடிப்பில்ல.”

“அதையும் சொல்லுவீங்கன்னு அந்தப் பையன் காலையிலயே சொல்லிட்டான்.”

அவள் தரையில் படுத்து, ஷட்டரின் அடியில் விரல்களை நுழைத்தாள். நகம் பெயர்ந்தது. விரல்நுனியில் மழை பட்டது. யார் காலாவது, எதன் ஓரமாவது தட்டுப்படுமா என்று துழாவினாள். அவர் குனிந்து அந்த விரல்களை லேசாகத் தட்டி, கையை எடு மோளே, அடிபட்டுவிடும் என்று அன்பாகத்தான் சொன்னார். நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. பக்கத்துக் குடியிருப்பின் மாடியில் யாரோ கை தட்டினார்கள்.

சுற்றிலும் ஆள். கை தட்டுகிற தூரத்தில் ஆள்.

ட்ரீஸா அழுதாள். கொஞ்ச நேரம்தான். பிறகு ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, போன் விளக்கைப் போட்டாள். அம்மா படியில் நின்றது கண்ணுக்கு முன்னால் வந்தது. போய்க் கூட்டி வருவதைத் தவிர வேறு வழி இல்லை. இறங்கினாள்.

சரிவுச் சுவர் வேர்த்திருந்தது. நாட்பட்ட தண்ணீர், டீசல், எலி மூத்திரம், இவற்றுக்கு அடியில் வேறொரு வாடை, நனைந்த தலைமுடியை நாள் முழுக்க முடிந்து வைத்து அவிழ்த்தால் வருமே, அந்த வாடை. போன் விளக்கு மூன்றடிக்கு மேல் போகவில்லை. அவள் சுவரில் தோளை உரசிக்கொண்டே, ஒவ்வொரு அடியாக, கர்த்தரே கர்த்தரே என்று முனகிக்கொண்டு போனாள். வளைவு வந்தது. வளைவு முடிந்தது. காலில் தண்ணீர் ஏறியது.

ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“வா சேச்சி, போலாம்.”

மெறின். விளக்கைத் தூக்கிப் பார்த்தாள். மெறின்தான். தலைமுடி நெற்றியில் ஒட்டி, உதடு நடுங்கிக்கொண்டு நின்றாள். ட்ரீஸா அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். உடம்பு சில்லென்றிருந்தது, நனைந்தால் சில்லென்றுதான் இருக்கும். மைக் எங்கே என்று கேட்டதற்கு விழுந்துவிட்டது என்றாள். விழட்டும், சனியன்.

தளத்தின் அந்தக் கோடியில் கேமராவின் சிவப்புப் புள்ளி தெரிந்தது. அதன் சின்ன விளக்கு, தங்களுக்கு நேர் எதிர்ப்புறமாக, மூன்றாவது தூண் பக்கம் திரும்பியிருந்தது. ஜோபிஷ், மெறினைக் கூட்டிக்கொண்டு போகிறேன், நீயும் வா என்று அவள் கூப்பிட்டாள்.

“சத்தம் போடாத,” என்றான் ஜோபிஷ். தூக்கத்தில் பேசுகிற மாதிரி இருந்தது குரல். “மெறின் ஃப்ரேம்ல இருக்கா.”

இன்னமும் படம். இன்னமும் விளையாட்டு. உன் படமும் நீயும் நாசமாய்ப் போங்கள் என்று திட்டிவிட்டு, தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சரிவில் ஏறினாள். மெறின் கூடவே வந்தாள். ட்ரீஸாவின் செருப்பு மட்டும் தரையில் சப்தித்தது. மெறின் செருப்பைக் கீழேயே விட்டிருப்பாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மேலே வந்து ஷட்டருக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஊர்வலம் கடந்துபோயிருந்தது. மழை மட்டும்தான். இனித் தட்டவும் வேண்டாம், கத்தவும் வேண்டாம், ஆறு மணி வரை இந்தக் கையை விடாமல் இப்படியே நின்றால் போதும். தங்கை கிடைத்துவிட்டாள். ஜோபிஷ் எக்கேடோ கெட்டு வரட்டும். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அடங்கிய பிறகுதான் கழுத்தில் கிடந்த ஹெட்போனிலிருந்து எதுவோ கசிவது கேட்டது.

கீழே விழுந்த மைக். தண்ணீர்ச் சத்தமாக இருக்கும்.

ஒரு கையால் ஹெட்போனைத் தூக்கி ஒரு காதில் வைத்தாள்.

யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, நடுவில் ஒரு விக்கல். அந்த விக்கல் அவளுக்குத் தெரியும். மெறின் பிறந்ததிலிருந்து தெரியும்.

ட்ரீஸா அசையவில்லை. பக்கத்தில் நின்றவளும் அசையவில்லை. போன் விளக்கு தரையைப் பார்த்துக் கிடந்தது.

“டீ,” என்றாள் ட்ரீஸா. “உனக்கு என்ன வயசு?”

“பத்தொன்பது.”

“வீட்ல உன்னை எப்படிக் கூப்பிடுவோம்?”

ஒரு சின்னச் சிரிப்பு. “டிட்டி. வீட்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க.”

“தழும்பு எங்க இருக்கு?”

“இடது முட்டியில. சைக்கிள்ல இருந்து விழுந்தேன்ல.”

அதே சிரிப்பு. அதே நிறுத்தம். மூன்று முறை ஓட்டிக் கேட்ட அதே இழுப்பு. ட்ரீஸா கையை உருவப் பார்த்தாள். பிடி இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. ஈரம் மட்டும் விரலிடுக்கில் ஊறிக்கொண்டே இருந்தது.

அந்தப் பதிவில் இல்லாத ஒன்று. யாருக்கும் தெரியாத ஒன்று. யோசி. யோசி.

“அப்பச்சன் செத்த அன்னைக்கு,” என்றாள். தாத்தாவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். “பெட்டியை ஹால்ல வெச்சிருந்தாங்க. நீயும் நானும் சாப்பாட்டு மேஜைக்கு அடியில போய் உக்காந்தோம். நான் உன் காதுல ஒண்ணு சொன்னேன். என்ன சொன்னேன்?”

பக்கத்தில் நின்றவள் சரிவுப் பாதையின் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

மழைச் சத்தம் நின்றது. வெளியே மழை நின்றதா, காது அடைத்ததா தெரியவில்லை. ட்யூப்லைட் இல்லை. சொட்டு இல்லை. பக்கத்தில் நின்றவளிடம் மூச்சுகூட இல்லை. கேள்வி ஒன்றைக் கேட்டு முடிக்கிற நேரம்.

ஹெட்போனில் அழுகை நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு மெறின், கீழே, இருட்டில், களைத்துப்போன குரலில், யாருக்கோ பதில் சொன்னாள்.

“எனக்கு அழுகையே வரல, எனக்கும் சேர்த்து நீ அழுதுடுன்னு சொன்ன.”

“எனக்கு அழுகையே வரல,” என்றாள் பக்கத்தில் நின்றவள், “எனக்கும் சேர்த்து நீ அழுதுடுன்னு சொன்ன.”

ஷட்டருக்கு வெளியே பூட்டில் சாவி திரும்பியது. இவ்வளவு நேரமாக ஒரு சத்தத்தையும் காணோமே என்று பார்கவனுக்குப் பயம் வந்துவிட்டதாம். ஆட்கள் திரும்பி வருவதற்குள் சட்டென்று வெளியே வாருங்கள் மோளே என்று சொல்லிக்கொண்டே தகரத்தை இடுப்பளவுக்குத் தூக்கினார். வெளிச்சம் முதலில் கால்களில் விழுந்தது. ட்ரீஸாவின் சேறு படிந்த செருப்பு. அதன் பக்கத்தில் இரண்டு வெள்ளைப் பாதங்கள், சுத்தமாக, ஈரமாக. வெளிச்சம் மேலே ஏறியது. முகம் மெறினின் முகம்தான். மூக்குக்குப் பக்கத்து மச்சம்வரை சரியாக இருந்தது.

அவள் குனிந்து வெளியே காலை வைத்தாள். கை ட்ரீஸாவை இழுத்தது. ட்ரீஸா வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. தலையை இடித்துக்கொள்ளாதே என்று பார்கவன் அவள் தோளைப் பிடித்துக் குனிய வைத்து, வெளியே கொண்டுவந்துவிட்டு, பையன் அப்புறம் வரட்டும் என்று ஷட்டரை இறக்கத் தொடங்கினார்.

“சரியாச் சொன்னேனா, சேச்சி?” என்று மெறின் கேட்டாள், மழையில் நின்றுகொண்டு.

“சரியாச் சொன்னேனா, சேச்சி?” என்று மெறின் கேட்டாள், ஹெட்போனில். “கேட்டதெல்லாம் சொல்லிட்டேன். இனியாவது என்னைக் கூட்டிட்டுப் போ.”